நீள்கடற் பயணமும் அழுக்குத் துணி மூட்டையும்

வீட்டைப் பூட்டிவிட்டு நெடும்பயணம் புறப்படுகிறவர் கவலைகளை விட்டுச் செல்லலாம். கணக்கேடுகளை விட்டுச் செல்லலாம். அடுப்பையும் அம்மியையும்கூட மறந்து செல்லலாம். ஆனால் அழுக்கை மட்டும் எவரும் விட்டுச் செல்ல இயலாது. அது நம் உடலோடு வருகிறது. உடுத்திய மறுநாளே மூட்டையாகிறது. இரண்டு நாள் இரயில் பயணம் என்றால் அம்மூட்டையை வீட்டிற்கே கொண்டு வந்து சேர்த்துவிடலாம். நாற்பது நாள், அறுபது நாள், நூறு நாள் என நீளும் கப்பற் பயணத்தில் அதற்கு வழியில்லை. உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேசுவோர் விருந்தையும் இசையையும் நீச்சற் குளத்தையும் பற்றிப் பேசுவர். அழுக்குத் துணியைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும் பயணத்தின் பத்தாவது நாளில் ஒவ்வோர் அறையிலும் எழும் கேள்வி அதுவே.

இன்று வெளிநாடுகளில் பணிபுரியும் மக்கள் தம் பெற்றோரை அழைத்துக்கொண்டு இத்தகைய பயணங்களுக்குச் செல்வது புதுமையன்று. எனவே இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடையதாகும். துணி வெளுப்பது மிகச் சிறிய செயல்தான். ஆனால் நலவாழ்வு, பாதுகாப்பு, குடும்ப நீதி, பிறர் உழைப்புக்கு நாம் தரும் மதிப்பு ஆகிய நான்கும் அச்சிறு செயலில் வந்து கூடுகின்றன.

பாய்மரக் காலத்தில்

பழைய பாய்மரக் கப்பல்களில் நன்னீர் பொன்னுக்கு நிகரானது. மரப்பீப்பாய்களில் அடைத்துக் கொண்டு சென்ற நீர் குடிக்கவும் சமைக்கவுமே போதாதிருந்தது. துணி துவைக்க அதனை எவர் தருவர்? மாலுமிகள் துணிகளைக் கயிற்றிற் கட்டிக் கடலிலே இழுத்து வந்தனர். மழை பெய்தால் பாய்களில் நீரைப் பிடித்து அலசினர். கடல்நீரில் துவைத்த துணிக்கு ஒரு குறை உண்டு. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. துணியில் தங்கும் அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகையால் அத்துணி முற்றிலும் உலர்வதே இல்லை. உடலை உராய்ந்து புண்ணாக்கும்.

சோப்பும் அங்கே கைகொடுப்பதில்லை. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சாதாரணச் சோப்போடு சேர்ந்து பிசுபிசுத்த கசடாகிவிடுகின்றன; நுரை எழுவதில்லை. இதற்கு மாற்றாகக் கண்டறியப்பட்டது நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள்: தேங்காயெண்ணெய். தேங்காயெண்ணெயைக் கொண்டு காய்ச்சிய சோப்பு உப்புநீரிலும் ஓரளவு நன்றாக நுரைக்கும். ஆகவேதான் அவ்வகைச் சோப்புக்கு மேலைநாட்டினர் 'கடற்சோப்பு' என்றே பெயரிட்டனர்.

அழுக்குத் துணி அக்காலத்தில் வெறும் அருவருப்பாக மட்டும் இருக்கவில்லை, உயிரையே குடித்தது. கப்பல்களிலும் சிறைகளிலும் பரவிய டைபஸ் என்னும் கொடிய காய்ச்சலுக்கு மாலுமிகள் கூட்டங்கூட்டமாகப் பலியாயினர். ஆங்கிலேயக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்டு, கடலோடிகளின் நலத்தைக் காப்பது பற்றி 1757-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். புதிதாகப் படையிற் சேர்ப்போரைக் குளிப்பாட்டி, பழைய கந்தல்களைக் களைந்து, தூய ஆடை கொடுத்த பின்னரே கப்பலில் ஏற்ற வேண்டும் என அவர் வலியுறுத்தினார். காப்டன் ஜேம்ஸ் குக் 1772 முதல் 1775 வரை நிகழ்த்திய உலகப் பயணத்தில் மாலுமிகளின் உடையும் படுக்கையும் தூய்மையாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். மூன்றாண்டுக் காலம் நீடித்த அப்பயணத்தில் அவர் கப்பலில் நோயால் மாண்டோர் மிகமிகச் சிலரே.

துணிக்கும் அக்காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பை 1909-ஆம் ஆண்டு டூனிஸ் நகரில் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் நிக்கோல் வெளிப்படுத்தினார். மருத்துவமனையின் வாயிலிலே நோயாளியின் ஆடைகளைக் களைந்து குளிப்பாட்டியபின் அவர் எவருக்கும் நோயைத் தொற்றுவிப்பதில்லை. ஆனால் அந்த ஆடைகளைக் கையாண்ட ஊழியரோ நோயுற்றனர். உடையில் வாழும் பேனே நோயைக் கடத்துகிறது என்று அவர் நிறுவினார். 1928-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒருவர் களைந்தெறியும் அழுக்கு மற்றொருவர் கைக்குப் போய்ச் சேருகிறது என்னும் உண்மையை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய கப்பலுக்குள் நுழைவோம்.

இன்றைய கப்பலின் அடித்தளத்தில்

கூனார்டு நிறுவனத்தின் லக்கோனியா என்னும் கப்பல் 1922 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 1923 மார்ச்சு இறுதியில் திரும்பியது. சுற்றுலாவுக்கென்றே பயணிகளை ஏற்றிக்கொண்டு உலகை வலம்வந்த முதற் கப்பல்களுள் அது ஒன்று. இன்று ஆண்டுதோறும் பல கப்பல்கள் நூறு நாள்களுக்கு மேற்பட்ட உலகப் பயணங்களை மேற்கொள்கின்றன.

இக்கப்பல்களில் நன்னீருக்குப் பஞ்சமில்லை. எஞ்சின்களின் வீணாகும் வெப்பத்தால் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்வித்தும், மெல்லிய சவ்வுகளின் வழியே பேரழுத்தத்தில் செலுத்தி உப்பை நீக்கியும் நீரை உண்டாக்குகின்றனர். அந்நீரைக் கொண்டு கப்பலின் கீழ்த்தளத்தில், பெரும்பாலும் சன்னலே இல்லாத கூடங்களில், மாபெரும் சலவை இயந்திரங்கள் இரவுபகலாகச் சுழல்கின்றன. ஆயிரக்கணக்கான பயணிகளின் படுக்கை விரிப்பு, துவாலை, உணவு மேசைத் துணி, பணியாளரின் சீருடை ஆகிய அனைத்தும் அங்கேதான் வெளுக்கப்படுகின்றன. பயணிகள் தம் அறையில் பையிலிட்டு ஒப்படைக்கும் சொந்த உடைகளும் அங்கேதான் செல்கின்றன.

துவைத்த நீர் எங்கே போகிறது என்று சிந்திப்போர் சிலரே. கடல் மாசினைத் தடுக்க ஏற்பட்ட மார்போல் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை கழிவறைக் கழிவைக் கட்டுப்படுத்துகிறது. துணி துவைத்த நீரையும் குளித்த நீரையும் அது கட்டுப்படுத்துவதில்லை. அலாஸ்கா போன்ற சில பகுதிகள் மட்டும் தனிச் சட்டங்கள் இயற்றியுள்ளன. செயற்கை இழைத் துணிகளைத் துவைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து நீரோடு கலக்கின்றன. ஆகவே ஒருமுறை உடுத்தியதையெல்லாம் துவைக்கப் போடும் பழக்கம் கப்பலிலே குறைவது கடலுக்கு நல்லது. வியர்வை படாத மாலை உடையைக் காற்றாட மாட்டி வைத்து மறுமுறை உடுத்துவதில் இழிவொன்றும் இல்லை.

புறப்படுமுன் ஆயத்தம்

பயணம் எத்தனை நாளாயினும் எட்டு அல்லது பத்து நாள்களுக்குப் போதுமான உடைகளையே எடுத்துச் செல்லுதல் நன்று. நூறு நாளுக்கு நூறு உடை என்பது அறியாமை. பத்து நாளுக்கு ஒருமுறை துவைப்பது என்பதே அறிவுடைமை. அடர்ந்த பருத்தித் துணி கப்பலறையில் இரண்டு நாளாகியும் உலராது. மெல்லிய கலப்பிழைத் துணி ஓரிரவில் உலர்ந்துவிடும். பருத்திச் சேலைகளை விரும்பும் தாய்மார் ஒன்றிரண்டை விழா நாள்களுக்கென வைத்துக்கொண்டு, மற்றவற்றை எளிதில் உலரும் வகையாகத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்தரை மீட்டர் சேலையை விரித்து உலர்த்தக் கப்பலறையில் இடமேது?

கப்பற் சலவைக்குப் போகும் ஒவ்வோர் உடையிலும் உள்மடிப்பில் அழியாத மையால் அறை எண்ணையோ பெயரின் முதலெழுத்தையோ குறித்து வைத்தல் வேண்டும். நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் சேங்கொட்டைச் சாற்றால் துணியில் குறியிட்டு, நூறு வீட்டுத் துணிகளை ஒருங்கே வெளுத்தாலும் ஒன்றும் மாறாமல் திருப்பித் தந்த கலையை முதியோர் அறிவர். அதே கலை இங்கும் உதவும்.

எந்தக் கப்பலில் என்ன வசதி உண்டு என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். கூனார்டின் குயின் மேரி 2 போன்ற சில கப்பல்களில் பயணிகள் தாமே துவைத்துக்கொள்ளப் பொதுச் சலவையறைகள் உள்ளன. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களின் கப்பல்களில் அவ்வசதி இல்லை. பையிலிட்டுக் கொடுத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் செலவு மிகும். ஒரு பை நிறைய இவ்வளவு என்னும் சலுகை சில நாள்களில் அறிவிக்கப்படும். அதற்காகக் காத்திருத்தல் சிக்கனம். ஆனால் அப்பையிலுள்ளவை எல்லாம் ஒன்றாகவே இயந்திரத்தில் துவைக்கப்பட்டுச் சூட்டில் உலர்த்தப்படும். எனவே பட்டு, கம்பளி, சாயம் போகும் துணி ஆகியவற்றை அதில் இடலாகாது.

அறையிலே துவைத்தல்

உள்ளாடைகளையும் சிறு துணிகளையும் அன்றன்றே அறையின் கைகழுவும் தொட்டியில் துவைத்துவிடுவது நல்ல பழக்கம். மூட்டை பெருகாது, செலவும் மிகாது. சலவைத்தூளைக் குறைவாகவே இடவேண்டும். தூள் மிகுந்தால் அலசுவதற்கு நீர் மிகுதியாகச் செலவாகும். எஞ்சிய தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

துவைத்த துணியை முறுக்கிப் பிழிவதைவிட மேலான முறை ஒன்றுண்டு. உலர்ந்த துவாலையை விரித்து, அதன்மீது ஈரத் துணியைப் பரப்பி, இரண்டையும் பாய்போலச் சுருட்டிக் கையாலோ முழங்காலாலோ அழுத்துக. நீரின் பெரும்பகுதியைத் துவாலை உறிஞ்சிக்கொள்ளும், துணியும் உருக்குலையாது. குளியலறையில் இழுத்துக் கட்டத்தக்க சிறு கொடி பெரும்பாலான கப்பல்களில் உண்டு. அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகட்டால் ஆனவையாதலின் காந்தக் கொக்கிகள் அவற்றில் நன்கு ஒட்டும்.

மாடத்தின் கைப்பிடியில் துணி காயப்போடுவது கூடவே கூடாது. கப்பல் ஓடும்போது காற்று அதனைக் கடலுக்குள் வீசிவிடும். உப்புத் துளிகள் படிந்து துணி மீண்டும் ஈரமாகும். கப்பல் விதிகளும் அதனைத் தடை செய்கின்றன.

கடலிலோ குளத்திலோ நீராடிய உடைகளை அன்றே நன்னீரில் அலச வேண்டும். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையிற் கட்டி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். அது பின்னர் எளிதில் நீங்காது. அழுக்குத் துணிக்குக் காற்றுப் புகும் துணிப்பையே ஏற்றது.

கறைகளைப் பொறுத்தவரை நம் பாட்டிமார் அறிந்த நெறிகளே இங்கும் செல்லும். இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரிலேயே ஊறவிட வேண்டும்; வெந்நீர் அதனை இழையிலே உறையச் செய்துவிடும். மஞ்சள் படிந்த துணியில் சோப்புப் பட்டதும் செந்நிறமாவது கண்டு அஞ்ச வேண்டா. காரம் பட்டால் மஞ்சள் சிவப்பது இயற்கை. அலசினால் மீண்டும் மஞ்சளாகும். வெளிச்சத்தில் அக்கறை மெல்ல வெளிறும். ஆதலால் வெயிலறியாத உள்ளறைப் பயணிகள் வெண்ணிற உடையில் மஞ்சட் குழம்பு சிந்தாமல் காத்துக்கொள்வதே அறிவு.

பொதுச் சலவையறைப் பண்பாடு

கப்பலில் சச்சரவு எழும் இடம் எது என்று கேட்டால், பலமுறை பயணம் செய்தோர் தயங்காமல் பொதுச் சலவையறையையே சுட்டுவர். இயந்திரங்கள் சில, காத்திருப்போர் பலர். கப்பல் கரை சேராத நாள்களின் காலைவேளையில் அங்கே கூட்டம் நெரிசலாகும். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதும், பிறர் உணவருந்தச் சென்ற வேளையிலும் அவ்விடம் காலியாயிருக்கும். அந்நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் விவேகம்.

துணியை இயந்திரத்திலிட்டு இசை நிகழ்ச்சிக்குப் போய்விடுவது பிறர் பொழுதைத் திருடுவதாகும். இயந்திரம் நிற்கும் நேரத்திற்கு ஐந்து நிமிடம் முன்னதாக அங்கே இருத்தல் வேண்டும். பிறர் துணி எடுக்கப்படாமல் கிடந்தால் சற்றே பொறுத்திருங்கள். எடுத்தே ஆகவேண்டுமாயின் தூய கைகளால் எடுத்துத் தூய இடத்தில் ஒழுங்காக வையுங்கள்.

உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் படியும் பஞ்சுத் தூசியை ஒவ்வொரு முறையும் துடைத்தெடுக்க மறவாதீர். அத்தூசி எளிதில் தீப்பற்றக்கூடியது. நடுக்கடலில் தீ எழுந்தால் ஓடி வருவதற்குத் தீயணைப்பு வண்டி இல்லை. ஓடிப் போவதற்குத் தெருவும் இல்லை. அதனாலேயே அறைக்குள் இஸ்திரிப் பெட்டி கொண்டு வருவதைக் கப்பல் நிறுவனங்கள் தடை செய்கின்றன. சட்டையிலே நான்கு சுருக்கம் இருந்தால் குறைந்து போவது ஒன்றுமில்லை. ஒளித்துக் கொண்டுவந்த ஓர் இஸ்திரிப் பெட்டியால் ஆயிரம் உயிர் ஆபத்துக்குள்ளாகலாம்.

நோய் வந்தபோது

கப்பல்களில் அவ்வப்போது நோரோ வைரசு என்னும் நுண்ணுயிரால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவுவதுண்டு. அவ்வாறு நோயுற்றவரின் துணிகளைத் தொட்டியில் துவைக்க முயலாதீர், உதறவும் வேண்டா. அறைப் பணியாளரிடம் மறைக்காமல் கூறுங்கள். தனிப் பையிலிட்டு மிகுந்த சூட்டில் துவைக்க அவர்களிடம் ஏற்பாடு உண்டு. சாராயங் கலந்த கைத்திரவம் இக்கிருமியை நன்கு அழிப்பதில்லை. சோப்பும் நீரும் கொண்டு கைகளை நன்றாகக் கழுவுவதே காப்பு. வெட்கத்தால் நோயை மறைத்து, அசுத்தமான துணியை மற்றவற்றோடு கலந்து பையிலிடுவோர் கீழ்த்தளத்தில் அதனைப் பிரிக்கும் ஊழியருக்குத் தீங்கிழைக்கின்றனர். டூனிஸ் நகர மருத்துவமனை ஊழியரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

துவைப்பவர் யார்?

இனி நம் இல்லங்களின் பக்கம் திரும்புவோம். ஆண்டெல்லாம் வீட்டிலே அனைவர் துணியையும் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்கிய தாய், கப்பலேறியும் அதே வேலையைச் செய்ய நேர்ந்தால் அப்பயணம் யாருக்கு ஓய்வு? தந்தை மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் கடலைக் காண்கிறார். மக்கள் நீச்சற் குளத்தில் களிக்கின்றனர். தாய் மட்டும் குளியலறையில் குனிந்து நிற்கிறாள். இது நியாயமாகுமா?

ஒரு குடும்பம் பயணத்தின் முதல் நாளே முறை வகுத்துக்கொள்ளலாம். பத்து வயதைக் கடந்த பிள்ளை எவரும் தம் உள்ளாடையைத் தாமே துவைக்கட்டும். பொதுச் சலவையறைக்கு ஒருமுறை கணவரும் மறுமுறை மூத்த மகனும் செல்லட்டும். ஆண்மகன் துணி துவைப்பது தாழ்வு என்று எண்ணுவோர் கடலோடிகளின் வரலாற்றை நோக்கட்டும்: பல நூற்றாண்டுகளாகக் கப்பல்களில் துணி துவைத்தவர் பெரும்பாலும் ஆடவரே. கப்பலிலே தொடங்கும் இவ்வழக்கம் வீடு திரும்பிய பின்னும் நீடிக்குமாயின், அப்பயணத்தின் ஊதியம் அதுவேயாகும்.

கீழ்த்தளத்து மனிதர்

ஆங்கிலேயக் கடற்படையில் துணி துவைப்பதற்கு இன்றும் வழங்கும் சொல் 'தோபி' என்பது. நம் நாட்டுச் சலவைத் தொழிலாளரின் பெயரே கடல்கடந்து அங்கே குடியேறிவிட்டது. அக்கடற்படைக் கப்பல்களில் ஹாங்காங்கைச் சேர்ந்த சீனர்கள் நெடுங்காலம் சலவைப் பணி புரிந்தனர். 1982-ஆம் ஆண்டு பாக்லாந்துப் போரில் ஷெஃபீல்டு, கவன்ட்ரி என்னும் போர்க்கப்பல்கள் தாக்கப்பட்டபோது, மாண்டோருள் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு சீனச் சலவைத் தொழிலாளியும் இருந்தார். போர் அவர்களுடையதன்று, பிறர் உடையைத் தூய்மை செய்யச் சென்றவர்கள் பிறர் போரிலே உயிர் துறந்தனர்.

இன்றைய உல்லாசக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளைச் சேர்ந்தோர் பெருந்தொகையினராகப் பணிபுரிகின்றனர். ஆறு முதல் ஒன்பது மாதம் வரை நீளும் ஒப்பந்தம். அதுவரை மனைவி மக்களைக் காண இயலாது. பயணிகள் கண்டு மகிழும் கடலைச் சலவைக் கூடத்து ஊழியர் பணிநேரத்தில் காண்பதில்லை. பன்னாட்டுத் தொழிலமைப்பு 2006-இல் இயற்றி, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இவர்களுக்கும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்குக் குறையாத ஓய்வையும், வாரத்திற்கு 77 மணி நேர ஓய்வையும் விதித்துள்ளது. இந்தியாவும் 2015-இல் அதனை ஏற்றுக்கொண்டது. கடலோடிகள் தம் துணிகளைத் துவைத்துக்கொள்ளத் தக்க வசதி வேண்டும் என்றும் அவ்வுடன்படிக்கை கூறுகிறது. ஊரார் துணியையெல்லாம் வெளுப்பவருக்குத் தம் துணியை வெளுக்கவும் நேரமும் இடமும் வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டியிருந்தது!

சட்டம் செய்ய இயலாததைப் பயணிகள் செய்யலாம். சட்டைப் பைகளைச் சோதித்துப் பார்த்துப் பையிலிடுதல்; கூரிய ஊசிகளை நீக்குதல்; ஒருமுறை முகம் துடைத்த துவாலையைத் தரையில் எறியாமல் மாட்டி வைத்து மறுநாளும் பயன்படுத்துதல்; துணி திரும்பி வரும்போது கொண்டுவரும் பணியாளரின் பெயரைக் கேட்டு நன்றி கூறுதல். சில நிறுவனங்களில் பயணிகளின் அன்பளிப்புத் தொகையில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத கீழ்த்தள ஊழியரையும் சென்றடைகிறது. சிக்கனம் கருதி அதனை நீக்கச் சொல்லுமுன் ஒருமுறை சிந்திக்க வேண்டும்.

மாலை விருந்துக்கு வெண்ணிற உடையணிந்து மேல்தளம் செல்வது இன்பமே. அவ்வெண்மை தானாக வந்ததன்று; எங்கோ ஒருவர் கையால் வந்தது. அக்கை இல்லத்தில் தாயினுடையதாகவும், கப்பலில் பெயரறியாத ஒரு தொழிலாளியினுடையதாகவும் இருக்கிறது. அவ்விருவர் சுமையையும் நம்மால் இயன்றமட்டும் குறைத்துச் செல்வோமாக. நம் பெட்டியும் இலேசாகும்.